மூக்கைப் பெருசாப் போட்டுட்டியே, அம்மணி!

அம்மணி, உன்ற வாழ்க்கைக் கதையை நீயே கட்டங்கட்டமாப் படம் போட்டு புஸ்தகமாக் கொண்டு வரப் போறயாம். உங்கம்மா சொல்லிச்சு. சொல்றப்பவே அதுக்குக் குரல் கம்மிப் போச்சு. "ஊரு என்ன சொல்லுமோப்பா"ன்னு வெசனப்படுது. ஊரு என்ன சொல்லும்னு தெரிஞ்சுக்கச் சோசியக்காரன்கிட்டப் போகோணுமா? அப்புச்சி சொல்றேன், குறிச்சு வெச்சுக்க. மொதல்ல மூக்கைப் பத்தித்தான் சொல்லும்.

நெசமாத்தான் சொல்றேன். உங்கப்பன் குடிச்சதைப் போட்டிருப்ப. பரீச்சைக்கு மொத நாள் ராத்திரி பக்கத்து ரூமுல ஓவர்லாக் மிசின் ஓடுனதைப் போட்டிருப்ப. உங்கம்மா பீஸ் கணக்குல பிசிறு வெட்டி உன்னையப் படிக்க வெச்சதைப் போட்டிருப்ப. உன்ற சின்னத்தை அதையெல்லாம் எச்சில் தொட்டுப் புரட்டிக்கிட்டே போயி, தான் வர்ற பக்கத்துல வந்து நிப்பா. "என்ற மூக்கு இப்பிடியா இருக்குது?" தீந்துது. அதுதான் அவளோட விமர்சனம். இதையே நீ எழுத்துல 'மூக்கு எடுப்பான அத்தை'ன்னு எழுதியிருந்தா, சினிமாக்காரியாட்டம் தன்னைய நெனச்சுக்கிட்டு சந்தோசமாத் தூங்கியிருப்பா. எழுத்துல அவிங்கவிங்க மூஞ்சிய அவிங்கவிங்களே போட்டுக்கலாம். படத்துல நீ போட்டதுதான் மூஞ்சி. சண்டை அங்கதான் மொளைக்குது.

இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. 1972ல முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோட சிவகாசியில இருந்து வந்தப்பவே நான் வாசகன். கரண்டைத் தொட்டா ஆள் மறைஞ்சு போவான். நம்மூர்ல மாயாவி வந்து தொடறதுக்குள்ள கரண்டே மறைஞ்சு போயிரும்னு சொல்லிச் சிரிப்போம். பொறகு பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர் ஆனேன். இப்ப கண்ணு மங்கி, கத்திரியக் கீழ வெச்சுட்டு, ராத்திரி வாட்ச்மேன். ராத்திரி பூரா வாட்ச்மேனுக்கு என்ன சோலி? உன்ற அலமாரியில கெடக்குறதை ஒவ்வொண்ணா உருவிக்கிட்டு வந்து படிச்சு முடிச்சுட்டேன். சித்திரக்கதை வாசகரும் எனக்குப் பழக்கம்தான். ஆகஸ்டுல ஈரோட்டுப் புத்தகத் திருவிழா நடக்குறப்ப லயன் காமிக்ஸ் ஆளுக ஒட்டுக்காக் கூடுவாங்க. கலர் மங்கிப் போச்சு, பேப்பர் மெலிசு, வசனம் முந்தி மாதிரி இல்லன்னு சண்டை போடுவாங்க. ஆனா ஒருத்தனும் பொஸ்தகத்தைக் கொளுத்துனதில்ல. ஏன்னா அதுல வர்ற டெக்ஸ் வில்லருக்குப் பெருந்துறையில பங்காளி யாரும் கெடையாது. உன்ற கதையில வர்றவனுக்கு எல்லாருமே பங்காளி.

சரி, எப்பிடிக் கோவிச்சுக்கிறதுங்கிறதுல நம்மாளுகளுக்கு உலகத்துல வாத்தியாருங்க இருக்காங்க. அதைச் சொல்றேன்.

அமெரிக்காவுல ஆர்ட் ஸ்பீகல்மன்னு ஒருத்தர், தன்ற அப்பன் ஹிட்லரோட ஆஷ்விட்ஸ் முகாம்ல இருந்து உசுரோட வந்த கதையை 'மௌஸ்'னு வரைஞ்சார். யூதருக எலி, ஜெர்மன்காரன் பூனை, போலந்துக்காரன் பன்னி. 1992ல புலிட்சர்ல சிறப்புப் பரிசே குடுத்தாங்க. முப்பது வருசம் கழிச்சு, 2022 சனவரியில, டென்னசி மாகாணத்துல மெக்மின்னு ஒரு மாவட்டத்துல பள்ளிக்கூட போர்டு கூடி, பத்துப் பேரும் ஒருமனசா அதை எட்டாங்கிளாஸ் பாடத்துல இருந்து தூக்கிட்டாங்க. காரணம் என்னன்னா, எட்டுக் கெட்ட வார்த்தை, ஒரு துணியில்லாத படம். அந்தப் படம் எதுன்னா, தற்கொலை பண்ணிக்கிட்ட அம்மா குளிக்கிற தொட்டியில கெடக்குற சின்னப் படம். லட்சக்கணக்கான சனத்தைப் புகையா விட்ட கதையில, அவிங்க கண்ணு அந்தத் தொட்டிக்கு மேல நகரல. நம்மூரு செக்கிங் சூப்பர்வைசருக்குக் கூட இத்தனை கூர்மை கெடையாது. நடந்தது என்னன்னா, சேதி வெளிய வந்ததும் அமெரிக்கா பூரா அந்தப் புஸ்தகத்துக்கு அடிபுடி. அதனால போர்டு, சங்கம்னு எவனாச்சும் வந்து உன்ற புஸ்தகத்தைத் தடை பண்றேன்னா, வாசல்ல தண்ணி தெளிச்சு வரவேற்பு குடு.

போலந்துல 'மௌஸ்' 2001லதான் வந்துச்சு. எங்களைப் பன்னியாப் போட்டுட்டான்னு பத்திரிகை ஆபீசு முன்னால நின்னு பொஸ்தகத்தைக் கொளுத்துனாங்க. அதைக் கொண்டு வந்த பியோத்ர் பிகோன்ட்ங்கிறவர் என்ன பண்ணார்? பன்னி மொகமூடிய மாட்டிக்கிட்டு சன்னல்ல நின்னு கூட்டத்தை வேடிக்கை பாத்தார். எனக்கு அந்த மனுசனை நொம்பப் புடிச்சுப் போச்சு. கோவமா வர்றவன்கிட்ட விளக்கம் சொல்லப் போனாத்தான் விடியும். மொகமூடி மாட்டுனா சீக்கிரம் ஊட்டுக்குப் போயிருவான்.

படிச்சவங்க கோவம் வேற தினுசு. 1991ல ரெண்டாம் பாகம் வந்தப்ப, நியூயார்க் டைம்ஸ் அதை நல்லா விக்கிற கற்பனைக் கதை வரிசையில வெச்சுட்டுது. ஸ்பீகல்மன் கடுதாசி போட்டார், எங்கப்பன் பட்டதைக் கற்பனைங்கிறீங்களான்னு. அங்கிருந்த எடிட்டர் ஒருத்தர், அவர் ஊட்டுக் கதவைத் தட்டிப் பாப்போம், பெரிய எலி வந்து தொறந்தா நெசம்னு மாத்திருவோம்னு கிண்டல் பண்ணாராம். கடைசியில மாத்தித்தான் ஆச்சு. உனக்கும் இது வரும். காலேசுல தமிழ் சொல்லிக் குடுக்குற ஒருத்தர் கண்ணாடியத் தூக்கிவிட்டுக்கிட்டு, "இதைத் தன்வரலாறுன்னு சொல்றதா, சித்திரக்கதைன்னு சொல்றதா?"ன்னு நாப்பது நிமிசம் பேசுவார். நீ பாட்டுக்கு முறுக்கு தின்னுட்டு இரு.

ஆனா அந்தப் பொஸ்தகத்துல என்னைய எந்திரிச்சு உக்கார வெச்சது வேற எடம். அவிங்கப்பன் விளாடெக் காமிக்ஸ்னா ஏறெடுத்தும் பாக்காத மனுசன். மகன், அம்மா செத்ததைப் பத்தி எப்பவோ ஒரு சின்னப் பத்திரிகையில படமாப் போட்டிருக்கான். அப்பன் கண்ணுல படாதுன்னு தைரியம். அது எப்பிடியோ சுத்திச் சுத்தி அப்பன் கையிலயே கெடைச்சிருது. மகன் நடுங்கிப் போயி நிக்குறான். கெழவன் கத்தல, கொளுத்தல. படிச்சேன், அழுதேன், நீ வெளிய கொட்டுனது நல்லதுதான், ஆனா எனக்கு உங்கம்மா நெனப்பு வந்துருச்சுங்கிற மாதிரி சொல்லிட்டுப் போயிர்றான். அதே கெழவன்தான், பொண்டாட்டி எழுதி வெச்ச டைரியையெல்லாம் முன்னாடியே எரிச்சுப்போட்டவன். அது தெரிஞ்சதும் மகன் அப்பனையே கொலைகாரன்கிறான். ஊர்க்காரன் கொளுத்துறதுக்குப் பயப்படுற நீ. ஊட்டுக்குள்ளயே ஒரு பொட்டி சத்தமில்லாம எரிஞ்சிருக்கும் அம்மணி, அது உனக்குத் தெரியாது. உங்கம்மாவோட தகரப் பொட்டியில எத்தனை கடுதாசி இருந்துச்சு, இப்ப எத்தனை இருக்குதுன்னு ஒருக்கா எண்ணிப் பாரு.

உங்கம்மாகிட்டப் போயி மொதல்லயே படத்தைக் காட்டி, சரியான்னு கேட்டுராத. நீ டிசைன் செக்சன்ல இருக்குறவ, உனக்குத் தெரியாததா? பையருக்கு சாம்பிள் அனுப்புனா கமெண்ட்ஸ் வரும். கழுத்து அரை சென்டி எறக்கு, பூனைக்குட்டி காதைச் சின்னதாக்கு, செவப்பை ரோஸ் ஆக்குன்னு. நாலாவது சாம்பிள்ல பூனை மொயலாயிருக்கும். கம்பெனிக்கு அது சரி, காசு குடுக்கிறவன் அவன். சொந்தக்காரனை பையராக்கி அப்ரூவல் கேட்டீன்னா, பெரியப்பன் குடிச்ச பாட்டில் இளநி ஆயிரும், மாமன் வாங்குன கடன் நன்கொடை ஆயிரும். புஸ்தகம் கல்யாண ஆல்பமா வந்து நிக்கும்.

மனுசனாப் போட்டாத்தான வம்பு, மிருகமாப் போட்டுட்டா என்னன்னு கேக்குற. நல்ல ரோசனைதான். காஷ்மீர்ல மாலிக் சஜாத்ங்கிற பையன், தான் ஸ்ரீநகர்ல வளந்த கதையை 'முன்னு'ன்னு 2015ல போட்டான். காஷ்மீரிகளையெல்லாம் ஹங்குல் மானாப் போட்டிருக்கான். அழிஞ்சுக்கிட்டே வர்ற மான் அது, ஏன் போட்டான்னு உனக்கே புரியும். ஆனா நம்மூருக்கு இது ஒத்து வராது. காங்கேயம் காளையாப் போட்டா அத்தனை பேரும் நாந்தான் அதுன்னு திமில நிமித்திக்குவான். எருமையாப் போட்டா ஒருத்தனும் ஒத்துக்க மாட்டான். அப்புறம் எந்தத் தெருக்காரனுக்கு எந்த மிருகம்னு பஞ்சாயத்து கூடும். அதுக்கு மூக்கே தேவலை.

ஈரானுக்காரி மர்ஜான் சத்ரபி மிருகமெல்லாம் தேடல. கருப்பு வெள்ளையில தன்னையே போட்டா, 'பெர்செபோலிஸ்'. பிரான்சுல 2000ல இருந்து நாலு பாகமா வந்தது, நம்ம கோயமுத்தூர் விடியல் பதிப்பகம் 'ஈரான்'னு தமிழ்லயே போட்டாங்க. அதுல சின்னப் புள்ளயா இருக்குறப்ப ராத்திரி சாமிகிட்டப் பேசுவா. சாமிக்கு வெள்ளைத் தாடி. அதைச் சினிமாவா எடுத்து 2011ல துனிசியாவுல ஒரு டிவியில போட்டதுக்கு, சாமிக்கு எப்பிடி உருவம் வெக்கலாம்னு ஸ்டேசனைத் தாக்க வந்துட்டாங்க. டிவிக்காரருக்கு மறு வருசம் கோர்ட்டுல 2,400 தினார் அபராதம். 2013ல சிகாகோ பள்ளிக்கூடத்துக்காரங்க, இதுல சித்திரவதைப் படம் இருக்குது, சின்னப் புள்ளைகளுக்கு ஆகாதுன்னு வெளிய எடுக்கச் சொல்ல, புள்ளைகளே ரோட்டுல எறங்கிப் போராட்டம் பண்ணுச்சுக. தாடிக்கு ஒரு ஊரு, சித்திரவதைக்கு ஒரு ஊரு. ஆளாளுக்கு ஒரு கட்டம் பிரிச்சு எடுத்துக்கிட்டாங்க.

இந்தப் பொஸ்தகத்தை நம்ம கம்பெனி ஆஸ்டல் புள்ள ஒண்ணு எங்கிட்ட எரவல் வாங்கிட்டுப் போச்சு. ஒட்டன்சத்திரத்துப் பக்கம் அதுக்கு ஊரு. ஒரு பக்கத்தை மடிச்சு வெச்சுக் கொண்டாந்து காட்டுச்சு. அதுல மர்ஜான் ஜீன்ஸ் சட்டையில மைக்கேல் ஜாக்சன் பேட்ஜு குத்திக்கிட்டு, நைக்கி சூ போட்டுக்கிட்டு ரோட்டுல போவா. கருப்பு அங்கி போட்ட பொம்பளைங்க மறிச்சு, யாரு இது பேட்ஜுலன்னு கேப்பாங்க. அவ சட்டுனு, மால்கம் எக்ஸ்ங்கிற கருப்பினத் தலைவரும்பா. நம்ம புள்ள விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. "தாத்தா, எங்க வார்டனும் இப்பிடித்தானுங்க. ஞாயித்துக்கிழமை கடைவீதி போயிட்டு வந்தா பை, போன், கம்மல் எல்லாம் பாக்கும். நானும் போன்ல இருக்குறவனை எங்க சித்தப்பான்னுதான் சொன்னேன்"னுச்சு. அந்த ஒரு வாசகிக்காகவே நீ புஸ்தகம் போடலாம். ஆனா அது கடுதாசி எல்லாம் எழுதாது, மேடையிலயும் பேசாது. பக்கத்தை மடிச்சு வெக்கும், அவ்வளவுதான். எனக்கு மட்டும் பொஸ்தகம் மடிஞ்சு போச்சேன்னு கொஞ்சம் வருத்தம்.

இப்ப கொஞ்சம் கிட்ட வா, இதைச் சத்தமாச் சொல்ல முடியாது. அம்பேத்கர் தன்ற வாழ்க்கையில பட்டதைச் சுருக்கமா எழுதி வெச்சாரில்ல, அதையும் வேற சிலதையும் சேத்து ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுத, மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியருக துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் படம் போட்டாங்க. 'பீமாயணம்', 2011ல வந்தது. தமிழ்லயும் காலச்சுவடு கொண்டு வந்துட்டாங்க. கட்டமே கெடையாது அதுல. ஆளுகளைப் பொட்டிக்குள்ள அடைச்சா மூச்சு முட்டும்னு ரெண்டு பேரும் முடியாதுன்னுட்டாங்க. ரயிலு பாம்பா ஓடுது. நல்ல பேச்சு பறவை உருவத்துல வருது. கொட்டுற பேச்சுக்குத் தேள் கொடுக்கே போட்டிருக்குது. காமிக்ஸ் படிச்சு வளந்த ஆளுக, "எதை மொதல்ல படிக்கிறது, எதை அப்புறம் படிக்கிறதுன்னே தெரியலீங்"ன்னு கொறை சொன்னாங்க. வாஸ்தவந்தான். நானே ஒரு பக்கத்தைக் கீழ இருந்து மேலயே படிச்சுட்டேன்.

அதுல 1901ல நடந்தது ஒண்ணு. சின்னப் பையனா இருந்த அம்பேத்கரும் அண்ணனும் அக்கா புள்ளைகளும் சாத்தாராவுல இருந்து கோரேகாவுல வேலை பாக்குற அப்பாவைப் பாக்கப் போறாங்க. நல்ல சட்டை, நல்ல தொப்பி. மசூர் ஸ்டேசன்ல எறங்குனா கூட்டிட்டுப் போக ஆளைக் காணோம். ஸ்டேசன் மாஸ்டர் பாசமாப் பேசிக்கிட்டிருந்தவர், மகார் சாதின்னு தெரிஞ்சதும் மூஞ்சி மாறிப் போகுது. வண்டிக்காரன் ஒருத்தனும் ஏத்த மாட்டேங்குறான். கடைசியா ஒருத்தன் ஒத்துக்கிட்டான். ரெட்டை வாடகை குடுக்கோணும், வண்டியப் புள்ளைகளே ஓட்டிக்கோணும், அவன் கூட நடந்து வருவான். சோத்து மூட்டை இருந்தும் வழியில எவனும் ஒரு வாய் தண்ணி குடுக்கல.

இந்தப் பக்கத்தை நான் ஒரு டீக்கடைப் பெஞ்சுல விரிச்சு வெச்சிருந்தேன். எந்தக் கடைன்னு கேக்காத. பக்கத்துல உக்காந்திருந்த என்ற பழைய சிநேகிதன் எட்டிப் பாத்து, படத்தைத் தடவித் தடவிப் பாத்து, "ச்ச, வடக்கத்திக்காரனுக மனுசனுகளா? எத்தனை அக்குறும்பு பண்ணியிருக்கானுக. நம்மூர்ல எல்லாம் இப்பிடி இல்லீங் மாமா"ன்னு கண்ணைத் தொடைச்சுக்கிட்டான். நெசமான கண்ணீருதான், நான் குத்தஞ்சொல்லல. அப்ப டீ வந்துச்சு. எனக்கும் அவனுக்கும் சில்வர் டம்ளரு. ஓரமா நின்னுக்கிட்டிருந்த ரெண்டு பேருக்குப் பேப்பர் கப்பு. முந்தி சிரட்டை, பொறகு தனி டம்ளரு, இப்ப சுகாதாரம். சிநேகிதன் டம்ளரை ஆத்திக்கிட்டே அடுத்த பக்கம் புரட்டுனான். புஸ்தகம் அவனுக்கு நொம்பப் புடிச்சுப் போச்சு, ஊருக்கெல்லாம் சொல்றான். உனக்கும் இப்பிடிப் பாராட்டு நிறைய வரும் அம்மணி. திட்டுறவனையாச்சும் நம்பலாம், எங்க உறைச்சுதுன்னு அவனுக்குத் தெரியும்.

திட்டுறதுன்னு சொன்னதும் திருச்செங்கோட்டு நெனப்பு வருது. பெருமாள்முருகனோட 'மாதொருபாகன்' வந்தது 2010. நாலு வருசம் எவனும் மூச்சு விடல. அப்புறம் சில பக்கத்தை மட்டும் பிரதி எடுத்து ஊருக்குள்ள விட்டாங்க, 2014 டிசம்பர்ல எரிப்பு, மறு மாசம் கடையடைப்பு. 2015 சனவரியில அந்த மனுசன் எழுத்தாளன் செத்துட்டான்னு தானே அறிவிச்சார். 2016 சூலையில ஐகோர்ட்டு, புடிக்கலேன்னா மூடி வெச்சுட்டுப் போன்னு ஊருக்கு ஒரு பாடம் நடத்துச்சு. அது கதை, எழுத்து. பக்கம் பக்கமாப் பிரதி எடுக்க வேண்டியிருந்துச்சு. உன்னுதுக்கு அந்தச் செலவும் இல்ல. ஒரு கட்டத்தைப் போன்ல புடிச்சுக் குரூப்புல போட்டாப் போதும், முன்னால என்ன, பின்னால என்னன்னு எவனும் கேக்க மாட்டான். அதனால ஒவ்வொரு கட்டமும் தனியாத் திருடு போனாலும் உன்ற பக்கம்தான் சாட்சி சொல்லோணும், அந்த மாதிரிப் போடு. அப்பிடிப் போட முடியுமான்னு எனக்குத் தெரியாது. எனக்கு முண்டா பனியன் வெட்டத்தான் தெரியும்.

அடுத்தது கலரு. நொய்யல் ஆத்தை எந்தக் கலருல போடப் போற? இந்த ஒரு கேள்விக்கே திருப்பூர் ரெண்டாப் பிரிஞ்சிரும். சாயப்பட்டறைக்காரன் நீலமாப் போடும்பான். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ தென்னை காஞ்சு போன விவசாயி, அன்னன்னைக்கு எந்த நாட்டு ஆர்டரோ அந்தக் கலரும்பான். 2011 சனவரியில ஐகோர்ட்டு பட்டறைகளை மூடச் சொன்னப்ப, ஆத்தைப் பாத்து அழுதவனும் உண்டு, பட்டறையப் பாத்து அழுதவனும் உண்டு. ரெண்டு கண்ணீரும் உப்புத்தான், ஆத்துத் தண்ணி மட்டும் அதைய விட எச்சு உப்பு. நீ கருப்பு வெள்ளையிலயே போட்டுட்டுப் போயிரு. கேட்டா, சத்ரபி வழின்னு சொல்லிக்கலாம்.

நம்ம திருப்பூர் புத்தகத் திருவிழாவுல உன்னுதை வெச்சீன்னா, ஒரு விசயத்துக்கு மட்டும் தயாரா இரு. "என்னைய இப்பிடிப் போட்டுட்டியே"ன்னு வர்றவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடு, உக்கார வை, அவன் புஸ்தகத்தைப் படிச்சவன். "என்னையப் போடவே இல்லியே"ன்னு வர்றான் பாரு, அவன்கிட்டத்தான் சாக்கிரதை. 1984ல பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்துச்சே, உங்கம்மா அப்பக் கைக்கொழந்தை. அதை ரெண்டு பக்கம் நீ போட்டிருக்குற, பாத்தேன். ஊர்வலத்துல மொத வரிசையில நாலு பேரு. பொஸ்தகம் வெளிய வந்தாக்க, அந்த வரிசையில தன்னையக் காணோம்னு நாப்பது பேராச்சும் வருவாங்க. அதுல உங்க பெரிய தாத்தனும் வருவான். பொறகால கேட்டைத் தொறந்து வெச்சுக்கிட்டு ஒரு கம்பெனி ராத்திரி சிப்டு ஓட்டுனப்ப, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உள்ள போனவங்கள்ல அவனும் ஒருத்தன். அதையும் நீ ஓரத்துல, மொகம் தெரியாத மாதிரி, சின்னதாப் போட்டிருக்குற. ஆனா அந்தத் துண்டுல கட்டம் போட்டுட்ட. ஊர்ல அந்த மாதிரிக் கட்டந்துண்டு போடறவன் அவன் ஒருத்தன்தான்.

அழிக்கச் சொல்லல. நல்லாத்தான் இருக்குது. வர்ற ஞாயித்துக்கிழமை அவன் ஊட்டுல பேரனுக்குக் காதுகுத்து, கெடா வெட்டு. கறிச்சோறு தின்னுட்டு வந்தப்புறம் அச்சுக்குக் குடு.